குடிக்காதப்பவே முடியாது

நீதிமன்றப் படியேறும்போதுதான் ஹார்லன் யான்கேயின் வலது ஷூ சத்தம் போட ஆரம்பித்தது.

டிக்.

இடது கால் ஊமை. வலது கால் மட்டும் கல்படியில் படும்போதெல்லாம் டிக், டிக் என்றது.

"என்ன அது, குதிரைக்கு லாடம் கட்டின மாதிரி?" என்றாள் லூயன். அவன் மனைவி. குளிருக்குக் கோட்டுக் கழுத்தை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"புது ஷூ."

"புது ஷூ கிறீச்சுன்னு கத்தும். டிக்குன்னா கத்தும்?"

"தள்ளுபடியில வாங்கினா எப்படி வேணா கத்தும்."

மேலே கூரையில் நாலு பேர் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார்கள். கோடையில் பெய்த ஆலங்கட்டி மழை நீதிமன்றக் கூரையைப் பிய்த்துப் போட்டிருந்தது. மாவட்ட நிர்வாகத்துக்கு அக்டோபரில்தான் ஞாபகம் வந்திருக்கிறது. வண்டி நிறுத்தும் இடம் முழுக்கக் கிழிந்த தார்த்தகடும் குப்பையுமாகக் கிடந்தது. அதன் நடுவேதான் இருவரும் நடந்து வந்திருந்தார்கள்.

கதவருகே லூயன் அவன் கையைப் பிடித்தாள். "ஹார்லன், கடைசியாக் கேக்கறேன். உள்ள போய்ச் சொல்லிடேன்."

"என்னத்தச் சொல்ல?"

"என்னத்தன்னு உனக்கே தெரியும்."

அவன் கையை விடுவித்துக்கொண்டான். உள்ளே போனான். டிக், டிக், டிக்.

தோற்றால் ஒரு வருடம் லாரி ஓட்ட முடியாது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஜெயிக்கலாம். ஆனால் சாகிற வரை லாரி ஓட்ட முடியாது. இதுதான் கணக்கு. நாலு மாதமாக இந்தக் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்ததில், அதில் பயம்கூட மிச்சமில்லாமல் போயிருந்தது.

* * *

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஆரம்பித்தது அது.

விஸ்கான்ஸினில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். வேறு பேச்சு கிடையாது. நாற்சந்தியில் கஸ் நடத்தும் மதுக்கடையில் பொரித்த மீனையும் கறுப்பு ரொட்டியையும் ஹார்லன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். லூயன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். செர்ரியும் ஆரஞ்சுத் துண்டும் நசுக்கிப் போட்ட பிராந்தி இரண்டு. மூன்றாவதற்குக் கஸ் பாட்டிலைத் தூக்கியபோது டம்ளரை உள்ளங்கையால் மூடினான்.

"ஏன்டா, பொண்டாட்டி ஜன்னல் வழியாப் பாக்கறாளா?"

"காலைல பால் எடுக்கப் போகணும்."

"பசு ஒண்ணும் உன் வாயை மோந்து பாக்காதுடா!"

கடையே சிரித்தது. ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிப் பாலாடைக்கட்டி ஆலைக்குக் கொண்டுபோகும் டேங்கர் லாரி அவனுடையது. அதாவது, ஓட்டுவது அவன், லாரி முதலாளியுடையது. இருபது வயதில் ஏறிய இருக்கை. ஐம்பத்தெட்டிலும் அதே இருக்கை. பனிப்புயலில் பள்ளிக்கூடங்கள் மூடினாலும் பசுக்கள் மூடுவதில்லை என்பான். எந்தப் பண்ணையின் எந்த நாய் எந்த டயரைக் குறி வைக்கும் என்பதுவரை அவனுக்கு அத்துப்படி.

அன்று அவன் ஓட்டியது லாரியை அல்ல, சொந்த வண்டியை. சூரியன் இன்னும் மக்காச்சோள வயலுக்கு மேலேதான் நின்றது. கிளைச்சாலை முடியும் இடத்தில் சிவப்பு 'நில்' பலகை. பிரேக்கில் கால் வைத்தான்.

வைத்ததாக நினைத்தான்.

வண்டி நிற்கவில்லை. பலகையைத் தாண்டி, சாலையின் குறுக்கே பாய்ந்து, எதிர் வீட்டுத் தபால்பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்துப் புல்லில் ஏறியது. குனிந்து பார்த்தான். வலது கால் பிரேக்கில் இல்லை. பக்கத்தில், ஆக்ஸிலரேட்டரின் விளிம்பில் இருந்தது. கையால் தொடையைத் தூக்கி நகர்த்திய பிறகுதான் வண்டி நின்றது.

இறங்கினான். பம்பருக்கு ஒரு முழம் முன்னால் குழந்தைகள் ஓட்டும் சின்ன சைக்கிள் ஒன்று கிடந்தது. அதன் முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் யாருமில்லை.

ஹார்லன் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தான். புல். எண்ணெய்ச் சொட்டு. வேறொன்றும் இல்லை. நிமிர்ந்தபோது வீட்டு வாசலில் ஐஸ் குச்சியும் கையுமாக ஒரு சிறுமி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் வேண்டுமென்று சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அவ்வளவுதான்.

அவள் அம்மா போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

வந்தது ட்ரெவர் லுட்கே. ஷெரிப் அலுவலகத்து இளைஞன். மரியாதை தெரிந்தவன்.

"குடிச்சீங்களா, மிஸ்டர் யான்கே?"

"வெள்ளிக்கிழமை தம்பி. மீனுக்குத் துணையா ரெண்டு."

"சரி. சின்னதா ஒரு சோதனை. அதுக்கு முன்னாடி, கால்ல, முதுகுல ஏதாவது கோளாறு உண்டா? சர்க்கரை, ஆபரேஷன், அந்த மாதிரி?"

"இல்ல."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

அது பழகிப்போன 'இல்ல'. லாரி லைசென்சுக்காக வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்த 'இல்ல'. மரத்துப்போகுதா? இல்ல. எரிச்சல்? இல்ல. நடக்கும்போது தடுமாற்றம்? இல்ல. சர்க்கரை இருப்பது டாக்டருக்குத் தெரியும். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அது கால் விரல்களில் தொடங்கி, பாதம் பூராவும் தின்று, கணுக்கால் வரை ஏறிவிட்டது தெரியாது. கண்ணை மூடச் சொல்லி டாக்டர் ஒரு நைலான் நூலால் உள்ளங்காலைத் தொடுவார். பட்டால் சொல்ல வேண்டும். ஹார்லனுக்கு நூலும் தெரியாது, காலும் தெரியாது. ஆனால் டாக்டர் ஒவ்வொரு தடவை குனியும்போதும் அவருடைய சுழல்நாற்காலி முனகும். முனகினால் "பட்டுது" என்பான். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"இந்த வெள்ளைக் கோட்டுமேல நடக்கணும்," என்றான் ட்ரெவர். "குதிகால் கட்டைவிரலைத் தொடணும். ஒன்பது அடி. திரும்பணும். மறுபடி ஒன்பது. நான் சொன்னப்புறம் ஆரம்பிங்க."

எதிரே இறங்குவெயில். கண் கூசியது. கோடு தெரியவில்லை, கால் தெரியவில்லை. கண்ணால் பார்க்க முடியாத கால் அவனுக்கு இல்லாத கால். இரண்டாவது அடியிலேயே கோட்டை விட்டு இறங்கினான். கையை விரித்தான். மூன்றாவதில் ட்ரெவர் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அப்போதுதான் அதைச் சொன்னான். போலீஸ் காரின் கேமரா பார்த்துக்கொண்டிருக்க, பாதி சிரிப்போடு சொன்னான்.

"ஐயோ தம்பி, இதெல்லாம் குடிக்காதப்பவே என்னால முடியாதுப்பா."

ட்ரெவர் சிரிக்கவில்லை. விலங்கை எடுத்தான்.

ஸ்டேஷனில் ஊதச் சொன்னார்கள். வந்த எண் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் சட்டம் எண்ணோடு நிற்பதில்லை. நடையும் சாட்சி, வாயும் சாட்சி.

* * *

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கடைக்குள் நுழைந்ததும் கஸ் மணி அடித்தான்.

"எல்லாரும் எந்திரிங்கப்பா! பட்டதாரி வந்துட்டான்!"

"இத்தனை வருஷம் குடிகேஸ் ஒண்ணுகூட வாங்காம இருந்தியேடா, ஊருக்கே அசிங்கமா இருந்துச்சு."

"நம்ம பாதிரியாருக்கே ரெண்டு இருக்கு!"

"ரெண்டு பிராந்திக்கே கோட்டை விட்டுட்டானாம்! ஹார்லன், நாளைலேர்ந்து நீ ஏத்தற பாலையே குடி, போதும்!"

முதுகில் தட்டினார்கள். யாரோ ஒரு பிராந்தி வாங்கிக் கொடுத்தான். ஹார்லன் சிரித்து வைத்தான். முதலாளி ஓரமாகக் கூப்பிட்டு, "ஒரு வருஷம்தானே? உன் ரூட்டை யாருக்கும் நிரந்தரமாக் கொடுக்க மாட்டேன். போயிட்டு வா," என்று ஜெயிலுக்கு அனுப்புகிற மாதிரி சொன்னார்.

கடையின் கோடியில் எர்வின் உட்கார்ந்திருந்தான். அவனும் பால் லாரிதான் ஓட்டினான், போன வருஷம் கண் மங்குகிற வரைக்கும். அவனிடம் யாரும் கிண்டல் பேசவில்லை. "எப்படி இருக்க எர்வின்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே நகர்ந்து போனார்கள். எர்வின் டம்ளரைத் தடவித் தேடி எடுத்தான்.

ஹார்லன் அதைப் பார்த்துக்கொண்டே பிராந்தியை முடித்தான்.

* * *

வக்கீல் மார்னி பிளாஹா நேரடியாகக் கேட்டாள். அவள் வேகம் அப்படி; கேள்வி கேட்கும்போதே அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறவள்.

"எண் நம்ம பக்கம். நடைதான் எதிரி. உங்களுக்குக் கால்ல ஏதாவது உண்டா? மூட்டு, நரம்பு, என்னவோ ஒண்ணு? டாக்டர்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை போதும், கோர்ட்டு வாசலையே மிதிக்க வேணாம்."

"இல்ல."

"நிச்சயமா?"

"இல்லன்னா இல்ல."

"அப்ப ஏன் 'குடிக்காதப்பவே முடியாது'ன்னு சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்."

மார்னி பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த ஒரு வாக்கியத்தை வச்சு நம்மளத் தோலுரிப்பாங்க. கோர்ட்டுலயே நடந்து காட்டச் சொன்னாலும் சொல்வாங்க. சரி, விடுங்க. சரளை, சரிவு, வெயில் எல்லாத்தையும் வச்சு ஒரு கை பாக்கலாம்."

அன்று இரவுச் சாப்பாட்டில் லூயன் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள். "வெந்நீர்த் தொட்டில கால் வெந்து தோல் உரிஞ்சு வந்தப்ப, என்ன வாடைன்னு கேட்டவன் நீ. உனக்குத் தெரியல. நான்தான் தூக்கிவிட்டேன். அதைச் சொல்லேன் அந்தப் பொண்ணுகிட்ட."

"சொன்னா?"

"கேஸ் முடிஞ்சிடும்."

"லாரியும்."

"குடிகாரன்னு பேர் வாங்கத் தயார், சீக்காளின்னு பேர் வாங்கத் தயாரில்ல. இதென்னடா ஞாயம்?"

"குடிகாரனுக்கு ஒரு வருஷம். சீக்காளிக்கு ஆயுள்." தட்டைத் தள்ளினான். "ஞாயம் அவ்வளவுதான்."

"அந்தச் சைக்கிள்ல அந்தப் பொண்ணு இருந்திருந்தா?"

இதற்கு நெஞ்சில் ஏதாவது குத்தியிருக்க வேண்டும். தேடிப் பார்த்தான். சக்கரம் சுற்றுவது தெரிந்தது, சத்தம்கூடக் கேட்டது. குத்தவில்லை. காலில் ஆரம்பித்தது எதுவரை ஏறியிருக்கிறதோ.

எழுந்து டிராக்டர் கொட்டகைக்குப் போனான். சிமென்ட் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டான். விளக்கைப் போட்டு, தலையைக் குனிந்து, ஒவ்வொரு ஷூவையும் அது யாருடையதோ என்பதுபோலக் கண்ணால் எடுத்து வைத்தான். முதல் வாரம் விழுந்தான். செப்டம்பர் முடிவதற்குள் போகவும் வரவும் கோட்டை விடாமல் நடக்கப் பழகிவிட்டான். வெளிச்சம் வேண்டும், கண் வேண்டும். அவ்வளவுதான்.

கோர்ட்டில் நடக்கச் சொன்னால் எப்படி நடப்பது என்பதை மட்டும் அவன் அப்போது முடிவு செய்யவில்லை.

* * *

நீதிபதி ஸாண்ட்பெர்க் ஒரு ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் அங்கி போட்டிருந்தார். தலைக்கு மேலே சுத்தியல்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பத்து வார்த்தைக்கும் யாராவது "மறுபடி சொல்லுங்க" என்றார்கள்.

மார்னி ட்ரெவரைக் கூண்டில் வறுத்தாள்.

"அங்க ரோட்டோரம் சரளைதானே?"

"ஆமா. ஆனா நான் கோட்டுமேலதான் நடக்கச் சொன்னேன்."

"எதிர்வெயில் முகத்துல?"

"இருந்துச்சு, மேடம்."

"ஐம்பத்தெட்டு வயசு ஆளை, வெயிலைப் பாக்கவச்சு, சரளை ஓரத்துல சர்க்கஸ் பண்ணச் சொல்லியிருக்கீங்க."

"காலு, முதுகு எல்லாம் கேட்டுட்டுத்தான் சொன்னேன். ஒண்ணும் இல்லன்னார்." ட்ரெவர் ஹார்லனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

அரசு வக்கீலுக்குச் சளி. மூக்கைச் சிந்திவிட்டு வீடியோவைப் போடச் சொன்னான். திரையில் ஒரு குண்டு மனிதன் கைகளை விரித்துத் தள்ளாடினான். ஹார்லன் அவனை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அந்த ஆள் பாதி சிரிப்போடு சொன்னான்: ஐயோ தம்பி, இதெல்லாம் குடிக்காதப்பவே என்னால முடியாதுப்பா.

"நிறுத்துங்க," என்றான் அரசு வக்கீல். "யுவர் ஆனர், 'குடிக்காதப்பவே.' அந்தக் கடைசி எழுத்தை அழுத்திச் சொல்றார், கவனிங்க. குடிக்காதப்பவே முடியாது, அப்படின்னா இப்பக் குடிச்சிருக்கேன், எப்படி முடியும்னு அர்த்தம். இதைவிட என்ன ஒப்புதல் வேணும்?"

"அது வாக்குமூலம் இல்ல, வாய்ப்பேச்சு," மார்னி எழுந்தாள். "எப்பவுமே முடியாதுன்னு சொல்றார். அவ்வளவுதான் அர்த்தம்."

"எப்பவுமே முடியாதா? அப்ப இப்ப நடந்து காட்டட்டுமே! இன்னிக்குக் குடிக்கலயே?"

மேலே சுத்தியல்கூட நின்றுபோயிருந்தது.

"மிஸ்டர் யான்கே, கட்டாயம் எதுவும் இல்ல," என்றார் நீதிபதி. "நடக்க மறுத்தாலும் அதை உங்களுக்கு எதிரா எடுத்துக்க மாட்டேன். உங்க இஷ்டம்."

மார்னி அவன் காதருகே குனிந்தாள். அவள் குரலில் மிட்டாய் கண்ட குழந்தையின் சந்தோஷம். "நடங்க. தடுமாறினீங்கன்னா இன்னிக்கே ஜெயிச்சோம்."

தடுமாறினால்? ஏன் தடுமாறினான் என்று கேட்பார்கள். குடிக்காத மனிதன், சமதரையில், நல்ல வெளிச்சத்தில். கேட்டே தீருவார்கள். டாக்டரிடம் அனுப்புவார்கள். இந்தத் தடவை முனகாத நாற்காலி.

நேராக நடந்தால்? குடிக்காதபோது நடக்கிறவன், குடித்ததால்தான் அன்று விழுந்தான். ஒரு வருடம். போயிட்டு வா.

பின்வரிசையில் லூயன் இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்திருந்தாள்.

ஹார்லன் எழுந்தான். பச்சையும் வெள்ளையுமான தரைக்கற்கள் சேரும் இடம் கோடு போட்டாற்போல நேராக இருந்தது. தலையைக் குனிந்தான். குழல்விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு ஷூக்களும் பளிச்சென்று தெரிந்தன.

வலது கால். டிக்.

இடது.

வலது. டிக்.

குதிகால் விரலைத் தொட்டது. கை விரியவில்லை. ஒன்பதாவது அடியில் நின்று, சின்னச் சின்னதாகக் காலை எடுத்து வைத்துத் திரும்பினான். டிக், டிக், டிக். திரும்பி வந்தான். ஒரு நூல் பிசகவில்லை. கொட்டகையில்கூட இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை.

நிமிர்ந்தபோது மார்னியின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அரசு வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்றதுக்கு இனி ஒண்ணுமில்ல, யுவர் ஆனர்," என்று உட்கார்ந்தான்.

ஹார்லன் தோற்றுவிட்டான். அவனுக்குள் எதுவும் அசையவில்லை. சந்தோஷம் என்றால் இதுதானோ என்று நினைத்துக்கொண்டான்.

"மிஸ்டர் யான்கே," நீதிபதி முன்னால் சாய்ந்தார். "அது என்ன சத்தம்?"

"எது, யுவர் ஆனர்?"

"உங்க வலது ஷூ. நீங்க நடக்கும்போது பூராக் கேட்டுச்சே."

"புது ஷூ, யுவர் ஆனர்."

"காலைலேர்ந்து அப்படித்தான்," பின்வரிசையிலிருந்து லூயன் சொன்னாள். தன்னையறியாமல் சொன்னாள். "படி ஏறினதுலேர்ந்து."

கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற ட்ரெவர் நகர்ந்து வந்தான். "உக்காருங்க, மிஸ்டர் யான்கே. காலைக் கொஞ்சம் தூக்குங்க." தரையில் மண்டி போட்டு ஷூவைத் திருப்பினான்.

மெல்லிய அடித்தோலின் நடுவில், ஷெரிப் நட்சத்திரம் போலப் பளபளவென்று, ஒரு காசு அகலத்துக்குத் தட்டையான ஆணித்தலை பதிந்திருந்தது. கூரை ஆணி.

ட்ரெவர் நகத்தைக் கொடுத்து இழுத்தான். வரவில்லை. இடுப்பிலிருந்து குறடு எடுத்து இழுத்தான். சுண்டுவிரலில் பாதி நீளம். தோலுக்கு அப்பால் இருந்த பாகம் முழுக்கச் சிவப்பு. அது போன துளையிலிருந்து ரத்தம் மெதுவாக வந்து வெள்ளைக் கல்லில் சொட்டியது.

லூயன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ட்ரெவர் ஆணியைப் பார்த்தான். ஹார்லனின் முகத்தைப் பார்த்தான். போலீஸ்காரன் கேட்கிற கேள்வியாக இல்லை அது.

"வலிக்கலையா?"

"இல்ல," என்றான் ஹார்லன்.

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அதே பழகிய 'இல்ல'. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உண்மையான 'இல்ல'. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது.

கூரையில் சுத்தியல் மறுபடி ஆரம்பித்தது.

முதலில் விழித்துக்கொண்டவள் மார்னிதான். "யுவர் ஆனர், இவர் காலால நடக்கல. கண்ணால நடந்தார். அன்னிக்கு எதிர்வெயில்ல கால் தெரியல, விழுந்தார். நம்பலன்னா ஒண்ணு செய்யலாம். கண்ணை மூடிட்டு நிக்கட்டும். நடக்கவேணாம், சும்மா நிக்கட்டும்."

நீதிபதி ஹார்லனைப் பார்த்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுந்தான். கண்ணை மூடினான்.

மூடியதும் தரை போய்விட்டது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தெரியவில்லை. சாய்கிறோமா என்றுகூடத் தெரியவில்லை. பலமான இரண்டு கைகள் அவன் தோளைப் பிடித்தன. ஜூன் மாதம் பிடித்த அதே கைகள்.

"போதும், பிடிச்சிட்டேன்," என்றான் ட்ரெவர் மெதுவாக. "கண்ணைத் திறங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ரோட்டுல அவர் சொன்னது ஒப்புதல் இல்ல. அந்த வீடியோவுல அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். குடிச்சிட்டு ஓட்டினதாப் போட்ட குற்றச்சாட்டு தள்ளுபடி." கொஞ்சம் நிறுத்தினார். "மிஸ்டர் யான்கே, லாரி விஷயம் வேற. கண்ணால பாத்தப்புறம் லைசென்ஸ் ஆபீசுக்கு நான் சொல்லாம இருக்க முடியாது. இருந்தா எனக்குத் தூக்கம் வராது. புரியுதா?"

"புரியுது, யுவர் ஆனர்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மார்னி கை குலுக்கினாள். "ஜெயிச்சிட்டோம்," என்றாள். அவள் குரல் பாதியில் இறங்கிவிட்டது. "ஏன் என்கிட்டச் சொல்லல?"

அவன் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டான்.

* * *

ஆஸ்பத்திரியில் துளையைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். தடுப்பூசி போட்டார்கள். கால் எங்கே மரத்திருக்கிறது என்று கேட்ட நர்சிடம், எங்கே மரக்கவில்லை என்று காட்டுவது சுலபம் என்றான் ஹார்லன். அவள் சிரித்தாள். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

லூயன் ஓட்டினாள். ஹார்லன் பக்கத்து இருக்கையில், கட்டுப் போட்ட காலைப் பொட்டலம் மாதிரி முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தான். வழியில் முதலாளியின் பட்டறையில் நிறுத்தி, டேங்கரின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் இறங்கவில்லை. முதலாளி ஜன்னல்வரை வந்து குனிந்தார்.

"எப்படி இருக்க, ஹார்லன்?" என்று மெதுவாகக் கேட்டார். பதிலுக்கு முன்பே நிமிர்ந்து, காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மக்காச்சோளம் அறுத்து முடித்த வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. கிளைச்சாலை முடிகிற இடத்தில் சிவப்புப் பலகை தெரிந்தது. அதற்கு எதிரே அந்த வீடு. புதுத் தபால்பெட்டி. தகரத்தில் யாரோ மஞ்சள் பூ வரைந்திருந்தார்கள். பக்கத்தில் அந்தச் சின்ன சைக்கிள் நின்றது. அதன் மேல், சிவப்புக் குல்லாயோடு, அந்தச் சிறுமி.

ஒரு காலைத் தரையில் ஊன்றி, வருகிற காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்குமா என்று பார்க்கிற பார்வை. ஜூனுக்குப் பிறகு கற்றுக்கொண்டதாக இருக்கும்.

லூயன் பலகைக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைத்தாள். ஹார்லனும் பிரேக்கை அழுத்தினான். இந்தப் பக்கம் பிரேக் இல்லை, வெறும் கால்மிதிதான். இருந்தாலும் அழுத்தினான்.

கார் நின்றது. சிறுமி மிதித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

தன் கால் உண்மையில் நகர்ந்ததா என்று பார்க்க ஹார்லன் குனிந்தான்.

நகரவில்லை. நீட்டின இடத்திலேயே, பொட்டலமாக, அப்படியே கிடந்தது.